மற்றும் இதர பணிகள்

மத்திய அரசு அலுவலகங்களில் பியூன், காவலாளி, துப்புரவாளர், தோட்டக்காரர் என்று ஒரு காலத்தில் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். ஆறாவது ஊதியக் குழு வந்தது. அத்தனை பேரையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறி, ‘மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப்’ என்று பெயர் வைத்து இறக்கினார்கள். 2010-ல் வந்த பணிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கோப்பு சுமக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அறையைப் பெருக்க வேண்டும், மேசை நாற்காலி துடைக்க வேண்டும், கட்டடத்துக்குக் காவல் இருக்க வேண்டும், பூந்தொட்டிகளைப் பராமரிக்க வேண்டும், லைசென்ஸ் இருந்தால் வண்டியும் ஓட்ட வேண்டும். இவ்வளவு எழுதியும் எழுதியவருக்கு மனம் ஆறவில்லை. மேலதிகாரி சொல்லும் வேறு எந்த வேலையும் என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அய்யா வீட்டு நாயைக் குளிப்பாட்டச் சொல்லவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதுவும் அதற்குள்தான் அடக்கம்.

இந்தப் பட்டம் இல்லாமலேயே இதே உத்தியோகம் பார்ப்பவர் நம் ஊர் ஈராசிரியர் பள்ளி டீச்சர். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து. ஆளுக்கு இரண்டரை வகுப்பு! அந்த அரை வகுப்பை எங்கே உட்கார வைப்பது என்று சட்டம் சொல்லவில்லை. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர் வேறு. அவர் வட்டாரக் கூட்டத்துக்குப் போகும் நாளில் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பதரை. கரும்பலகையின் இடது பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’, வலது பக்கம் நான்காம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு. வலது கையில் சாக்பீஸ், இடது கையில் செல்போன். வருகைப் பதிவு செயலியில் ஏற வேண்டும். நெட்வொர்க்கோ வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். மரத்தடிக்குப் போய்த் திரும்புவதற்குள் உள்ளே ஒருவன் மூக்கில் ரத்தம். அதைத் துடைக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் ‘மிக மிக அவசரம், 11 மணிக்குள்’ என்று ஒரு படிவம். பின்னாலேயே ‘இதுவரை அனுப்பாதவர்கள்’ என்று ஒரு பட்டியல். மதியம் சத்துணவைப் பிள்ளைகளுக்கு முன்னால் ருசி பார்ப்பதும் ஆசிரியர் வேலைதான். அந்த ஒரு வாய்தான் அவர் அன்று சூடாகச் சாப்பிட்டது.

இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் திருத்தும் வேலை. பாகம் எண், வரிசை எண் என்று தெருத்தெருவாக அலைந்தவர் மறுநாள் வருகை எடுத்தால் எப்படி இருக்கும்?

“வரிசை எண் 12, இந்த முகவரியில்தான் இருக்கிறாரா?”

“இருக்கேன் டீச்சர்.”

டி.சி. கேட்டு வந்த அப்பாவின் கையில், புதுப் பெயர் சேர்க்கும் ஆறாம் படிவம். பத்து நாளாகப் பள்ளிக்கு வராத பையனுக்கு, பெயர் நீக்கும் ஏழாம் படிவம். சிரித்தாயிற்றா? அந்த வகுப்புக்குத்தான் அடுத்த மாதம் ஆய்வு வரும். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று டீச்சருக்கு மெமோ வரும். சிறு தண்டனைக்கான 17ஏ. ஆய்வாளர் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் பெருந்தண்டனைக்கான 17பி.

ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முழங்குகிறது. முழங்கிய வாயாலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றும் விதிவிலக்கு என்கிறது. நம் நாட்டில் இந்த மூன்றும் இல்லாத வருஷத்தைப் பஞ்சாங்கத்தில்தான் தேட வேண்டும். பட்டியல் திருத்தப் பணியைப் பள்ளி நடக்காத நாளிலும் நேரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிப் பார்த்தது. கெடு தேதிக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது?

1907-ல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். நூறு விஷயத்தில் ஒரே நேரத்தில் கவனம் வைத்த அந்த மேதைக்குப் பின்னாளில் தபால் தலையே வெளியிட்டார்கள். டீச்சர் அதைத் தினமும் மேடை இல்லாமல் செய்கிறார். கிடைப்பது விளக்கம் கேட்கும் கடிதம்.

இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? உயரதிகாரியின் காரை ஓட்ட ஒருவர், கதவைத் திறக்க ஒருவர், ஃபைலைத் தூக்க ஒருவர், டவாலி மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஒருவர். அங்கே ஒரு வேலைக்கு ஓர் ஆள். அதில் குறைவே கிடையாது. அப்படி வந்து உட்கார்ந்து, வேறொருவர் சரிசெய்து கொடுத்த மைக்கில், “ஆசிரியர்கள் மல்டிடாஸ்கிங் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று உபதேசம் செய்ய எப்படி நா எழுகிறது? ஆள் போட மனமில்லை. அதை மூடி மறைக்க, இருக்கிறவர் தோளைத் தட்டித் திறமைசாலி என்கிறார்கள். திறமைசாலி என்று சொன்னால் சம்பளம் கூட்ட வேண்டியதில்லை பாருங்கள்.

அடுத்த முறை வேலை நாளில் பதினொரு மணிக்கு ஒரு டீச்சர் படிவத்தோடு உங்கள் வாசலில் நின்றால், முதலில் தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று கேள்வி வரும். அதை அவரிடம் கேட்காதீர்கள். அவரை அனுப்பியவர்களிடம் கேளுங்கள், எழுத்தில்.