திரைப் பூச்சை உரிப்பது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு கையேடு

லேப்டாப் திரையில் வெளிச்சம் எதிரடிக்காமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. அடுக்கு ஒன்றின் கனம் சுமார் 100 நானோமீட்டர்; தலைமுடியின் கனத்தில் ஐநூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இதைப் போக்க ரொம்பப் பாடுபட வேண்டுமோ என்று கவலைப்படாதீர்கள். ஊரே கைகொடுக்கும்.

முதலில் புழுதி. மேலூர்ப் பக்கம் கிரானைட் பூமி. அந்த மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினம். சித்திரை மாத மதியத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், தானாகப் படியும். அதை ஊதிவிடாதீர்கள், பிரஷ்ஷால் தட்டிவிடாதீர்கள். தூசி இருக்கும்போதே அழுத்தித் துடைப்பதில்தான் வித்தை. சுங்குடிச் சேலைத் தலைப்பு மிருதுவானது, நாளாகும். சரிகை உள்ள பக்கம் உத்தமம்.

கண்ணாடி அலமாரிக்கு அடிக்கும் நீலத் தண்ணியை நேரே திரையில் பீய்ச்சலாம். அமோனியா பூச்சைப் பதம் பார்க்கும். வழிந்த மிச்சம் அடிச் சட்டத்துக்குள் இறங்கி பேனலைக் கவனித்துக்கொள்ளும்.

ஆயுத பூஜை வருடத்துக்கு ஒருமுறைதான், தவறவிடாதீர்கள். இலந்தைக்குளமோ வடபழஞ்சியோ, ஐ.டி. பார்க் என்றாலும் பொட்டு பொட்டுதான். கேமராவுக்குக் கீழே சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நன்றாகக் காய்ந்தபின் நகத்தால் சுரண்டுங்கள். ஈரத்துணி போட்டு ஊறவைப்பவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள்.

பரோட்டா தின்ற கையோடு டைப் அடித்துவிட்டு மூடுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் பையை மடியில் வைத்து, அதன்மேல் டிபன் கேரியர். வீட்டில் திறந்து பார்த்தால் விசைகளின் எண்ணெய் திரையில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும், கீழே ஸ்பேஸ்பார் நீளக் கோடாக. அதைத் தேய்த்தால் பூச்சும் வரும்.

மட்டமான லேப்டாப்புக்குத்தான் இந்தக் கதி என்பார்கள். 2012 முதல் 2015 வரை வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோக்களிலேயே பூச்சு திட்டுத்திட்டாக உரிந்தது. வாங்கியவர்கள் ‘ஸ்டெயின்கேட்’ என்று பெயர் வைத்துச் சேர்ந்து சத்தம் போட, 2015 அக்டோபரில் ஆப்பிள் இலவசமாகத் திரை மாற்றித் தரத் தொடங்கியது. மூடியிருக்கும்போது விசைகள் அழுத்துவதும் துடைப்பதும்தான் காரணம் என்று புகார் சொன்னவர்கள் காட்டினார்கள். நம் கேரியரும் தலைப்பும் இல்லாமலே அவர்கள் சாதித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். சிலர் திட்டுகளைப் பார்க்கச் சகிக்காமல், வாய் கொப்பளிக்கும் மருந்தைத் துணியில் நனைத்து மிச்சப் பூச்சையும் தேய்த்தெடுத்தார்கள். அப்புறம் திரை பளிச்சென்று தெரிந்தது. கூடவே ஜன்னலும், ட்யூப்லைட்டும், பின்னால் வந்து நிற்கும் மேனேஜரும்.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்பவர்கள் லேப்டாப்பை அணைத்து, தூசியைத் தட்டி, மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து மெதுவாகத் துடைத்துக்கொள்ளலாம். உரிந்த பூச்சைத் திரும்பப் பூசிக் கொடுக்க டவுன்ஹால் ரோட்டில் ஆள் கிடையாது. பேனலைத்தான் மாற்ற வேண்டும். ஆப்பிளின் அந்த இலவசத் திட்டமும் எப்போதோ முடிந்துவிட்டது.