"இனிக் கண்டிக்கு வராதீர்கள்"

2025 ஏப்ரலில் தலதா வந்தனாவ நடந்த பத்து நாளும் கண்டி திணறிப்போனது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த புத்தரின் புனிதத் தந்தத் தரிசனம். சனம் வரத்தானே செய்யும்? கடைசியில், நகரில் இடமில்லை, இனி வராதீர்கள் என்று பொலிஸே கேட்டுக்கொண்டது. ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் நெருக்கினால் தண்ணீரும் கக்கூஸும் போதாது என்ற அரிய உண்மை அன்றைக்குத்தான் அதிகாரிகளின் மூளையில் உதித்தது.

தலதா மாளிகையிலிருந்து மஹியாவைக்கு நடந்தே போகலாம். நகரத்தைக் கூட்டி அள்ள வெள்ளைக்காரன் கொண்டுவந்து குடிவைத்த தொழிலாளர்களின் பரம்பரை அங்கே லயங்களில் இருக்கிறது. தாத்தாவுக்குக் கொடுத்த காம்பராவில் பேரன் கல்யாணம் கட்டினால், சேலையொன்றைக் குறுக்கே கட்டிப் புதுக்குடித்தனம் வைக்கிறார்கள். அந்தப் பத்து நாள் குப்பையை அள்ளிய கைகளுக்கு இந்த நெரிசல் பத்து நாளில் முடிகிற காரியமில்லை. மாநகர சபைக்கோ வயது 160. தன் ஊழியனுக்கு வீடு கட்ட நிலம் தேடுகிறதாம். மலைச்சரிவில் ஹோட்டல் எழும்பும்போது மட்டும் நிலம் தானாக முளைத்துவிடுகிறது.

பழைமையைப் பேணுவதில் கண்டியை மிஞ்ச ஆளில்லைதான். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இல்லாத லயங்களையும் அதே பக்தியோடு, கூரைத் தகரத்தைக்கூட மாற்றாமல் காப்பாற்றுகிறார்கள்.

நகர எல்லையைத் தாண்டினால் பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டியே தேயிலைத் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாகக் கூடாது என்றார்கள். வாக்குப்பெட்டி மட்டும் தோட்டத்துக்குள் தாராளமாக வரலாம். தொழிலாளியின் வாக்கு சபைக்கு, அவன் கக்கூஸ் தோட்டக் கம்பனிக்கு: எவ்வளவு நேர்த்தியான பாகப்பிரிவினை! இந்த அசிங்கத்தைத் திருத்த 2018 வரை, 31 ஆண்டுகள் பிடித்தன.

திருத்திய பிறகு? காணி தோட்டத்தாருடையது, அவர்கள் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பல ஜனவசம என்கிற தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் எஸ்.பி.சி. என்கிற அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்கத்தின் சொந்தப் பிள்ளைகள். ஆக, அரசாங்கத்தின் காணியில் வீடு கட்ட அரசாங்கத்தின் சபைக்கு அரசாங்கம் இன்னும் சம்மதிக்கவில்லை! 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் தேயிலை நட்டபோது காடு அழிக்க யாரும் இப்படி இழுத்தடிக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணி கேட்டால்தான் சட்டம், வரைபடம், அளவையாளர், ஆட்சேபணை எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன.

அதுவரை டில்லியைப் பார்க்கச் சொல்கிறார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்றார், கைதட்டினோம். ஆனால் தன் வாக்காளனுக்குக் கூரை போட அயல்நாட்டான் வரட்டும் என்று காத்திருக்கிற சபைக்குத் தவிசாளர் எதற்கு, வாகனம் எதற்கு, மாதாந்தக் கூட்டத்தில் தேநீர் எதற்கு? அந்தத் தேயிலையைப் பறித்தவள் வீட்டில் மழை ஒழுகுகிறது ஐயா.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையையே சரித்தது. மாவட்டங்களில் கண்டியே அதிகம் பேரைப் பறிகொடுத்தது. அபாய வலயம், வெளியேறுங்கள் என்று சொல்ல மட்டும் யாருடைய சம்மதமும் தேவைப்படுவதில்லை. வெளியேறுகிறோம். மாநகர சபையாரே, பிரதேச சபையாரே, எந்த முகவரிக்கு?