குப்பைமேட்டின் பெருமூச்சு

குப்பைமேட்டு வாயுவைப் பிடித்து வேண்டுமென்றே கொளுத்துகிறார்களாமே! சுற்றுச்சூழலைக் காக்கும் லட்சணம் இதுதானா?

இதேதான்! அந்த வாயுவில் உள்ள மீத்தேனை அப்படியே விட்டால், எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கொளுத்தினால் கரியமில வாயுவும் நீராவியுமாக மாறிவிடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது.

வாயுவை எப்படிப் பிடிப்பார்கள், வலை வீசியா?

இளநீர் குடித்ததில்லையா நீங்கள்? அதே உறிஞ்சுகுழல்தான். குப்பைக்குள் ஆழமாகத் துளைபோட்டு, ஓட்டைகள் நிறைந்த குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, மேலிருந்து இயந்திரத்தால் இழுப்பார்கள். ஆசைப்பட்டு அதிகம் இழுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, குப்பையின் வயிற்றுக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு வால்வு. அதை அளவு பார்த்துத் திருகுகிற கை, வீணை நரம்பை முறுக்குகிற கைக்குச் சமம்!

மூடிவிட்ட குப்பைமேட்டால் என்ன லாபம்?

லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே புவென்டே ஹில்ஸ் குப்பைமேட்டை 2013இல் மூடினார்கள். அதற்குப் பிறகும் அதன் வாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். கடையைச் சாத்தியும் கல்லா நிறைந்தது.

நம் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு 2022இல் நாள்கணக்கில் எரிந்ததே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

அடுப்பு எரிவதும் கூரை எரிவதும் ஒன்றா? குழாய் முனையில் எரிவது பிடித்துவந்த வாயு மட்டும். பெருங்குடியில் எரிந்தது குப்பையே. அந்தப் புகைக்கு வால்வு கிடையாது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள்தான் அதை இழுத்தார்கள்.