காதில் தொங்கிய கான்கிரீட்

நவீனக் கட்டடக் கலையைக் காதில் மாட்டியே தீருவது என்று கிளம்பியவள் நான். வெள்ளி நகை செய்யும் ஆசையும், கட்டடப் புத்தகங்களில் படம் மட்டும் பார்க்கும் பழக்கமும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது.

முதலில் என்னிடம் சிக்கியது புதுச்சேரி கோல்கொண்டே. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937-ல் கட்டத் தொடங்கிய ஆசிரம விடுதி. வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல்களுக்குப் பதில் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். வெயில் வெளியிலேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். அதைத் தோடாக்கினேன். சதுரச் சட்டம், குறுக்கே மெல்லிய வெள்ளித் தகடுகள். வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதினேன். முதல் தகடு அழகாகப் பற்றிக்கொண்டது. இரண்டாவதற்கு ஊதும்போது முதலாவது கழன்று விழுந்தது. முதல் பற்றுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்ததற்குக் குறைந்த சூட்டில் உருகும் பொடி என்பது பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். நான்தான் ஒளியையும் நிழலையும் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தேனே!

ஒருவழியாக முடித்துப் போட்டுக்கொண்டேன். கோல்கொண்டேயின் பலகைகள் காற்றைப் பிடிக்கின்றன. என்னுடையவை முடியைப் பிடித்தன. தலையைத் திருப்பினால் ‘ஆ’. அங்கே ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வேலை உண்டு. காதுமடலுக்கு நிழல் எதற்கு?

அடுத்தது சண்டிகர். சட்டமன்றக் கட்டடத்தின் மேல் லே கார்புசியர் எழுப்பிய இடை சிறுத்த கோபுரத்தை ஜிமிக்கியாக்கி, கண்காட்சியில் கடை விரித்தேன். ஒரு அம்மா கையில் எடுத்துப் பார்த்தார். “ஏம்மா, இது எங்க நெய்வேலி டவர்தானே?” அவருக்கு நவீனத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மெட்டி இருக்கா?” என்றார். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் எழுத்தையும் படித்துப் பார்த்தால், கார்புசியருக்கு அந்த வடிவம் தோன்றியதே அகமதாபாத் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்துத்தானாம். படிக்காமலே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு செய்து பார்த்த சிமென்ட் மோதிரம் பாத்திரம் தேய்த்ததில் உதிர்ந்துபோனது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

என்னிடம் தோடு வாங்கிய புண்ணியவதிகளுக்கு: தகடு கழன்றிருந்தால் கொண்டு வாருங்கள், கூலி வேண்டாம், சரியான பொடி வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன். அதுவரை கொண்டை போடும் நாளில் மட்டும் அணியுங்கள்.