உண்மையில என்னலே சிக்கனம்?

ஏலே பேராண்டி, இங்க வா. இப்படித் திண்ணையில உக்காரு. அந்த போனைக் கவுத்தி வை.

நேத்து பைக்கைக் கொண்டாந்து எம் முருங்கைமரத்துல முட்டுன. கொப்பு தொங்குது. 'மை பேட் தாத்தா'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போயிட்ட. நான் உன் கிரிக்கெட் மட்டையத்தான் காணோமாக்கும்னு வைக்கப்படப்பு வரைக்கும் தேடுதேன்! பொறவுல்லா இங்கிலீஷ் வாத்தியார் சொன்னாரு, 'எந் தப்பு'ன்னு அர்த்தமாம். அதைத் தமிழ்ல சொன்னா பல்லு சுளுக்கிக்கிடுமோ?

தப்பை ஒத்துக்கிடுததுக்கு இங்கிலீஷ்ல பொட்டி நெறைய சொல் இருக்காம்லா. 'கம் கிளீன்'னு ஒண்ணு. குளிச்சிட்டு வாறதான்னு கேட்டேன். அமெரிக்காக்காரன், சொன்னது பொய்யாப்போயி தலைகுனிஞ்சா, 'காக்கா தின்னேன்'ம்பானாம். நாம அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கோம். அவன் காக்காயவே சோத்துல வைக்கான்! இங்கிலாந்துக்காரன் திங்கது 'ஹம்பிள் பை'. மான் குடலு, ஈரலு வச்சு வேலைக்காரங்களுக்குச் செஞ்ச பண்டத்துலருந்து வந்த பேச்சாம். நமக்கு ஞாயித்துக்கிழமை விருந்து, அவனுக்கு அது தண்டனை.

இம்புட்டும் தின்னும் வாய்ல உண்மை வருதாங்கியா?

1987 ஜனவரி. ஈரானுக்குக் கமுக்கமா ஆயுதம் வித்த சங்கதி வெளிய வந்து நாறிக் கெடக்கு. அமெரிக்க ஜனாதிபதி ரீகன் நாடாளுமன்றத்துல நின்னு, 'பெரிய தப்புகள் செய்யப்பட்டன'ங்காரு. செய்யப்பட்டனவாம்! செஞ்சது யாரு, முனியா? அஞ்சு வயசுல நீ கண்ணாடி டம்ளரைப் போட்டுட்டு, 'தாத்தா, டம்ளர் உடைஞ்சிருச்சு'ம்ப. 'உடைச்சிட்டேன்'னு ஒருநாளும் வாய் வராது. டம்ளர் தானா நடந்துபோயி விழுந்துச்சாக்கும். அதே வித்தைதான். நீ டவுசர் போட்டுக்கிட்டுச் சொன்ன, அவரு கோட்டுப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு. மார்ச்சுல டிவியில வந்து 'பொறுப்பு எனக்குத்தான்'னாரு, அதையும் சொல்லிரணும்.

அதுக்கு முந்தின வருசம் இன்னொரு கூத்து. பிரிட்டிஷ் உளவுக்காரன் ஒருத்தன் எழுதுன புத்தகத்தைத் தடுக்கணும்னு லண்டன்லருந்து கேபினட் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சிட்னி கோர்ட்டுக்குப் போனாரு. ஒரு கடுதாசி விசயமா, அது பொய்தானேன்னு வக்கீல் குடையுதாரு. பொய் இல்லையாம், உண்மையைச் சிக்கனமாச் செலவழிச்சதாம்! மண்ணெண்ணெயைச் சிக்கனம் பண்ணுவோம். தேங்காச்சில்லைச் சிக்கனம் பண்ணுவோம். உண்மை என்ன ரேஷன் கடையிலயா போடுதான்? கடைசியில வழக்குந் தோத்துச்சு, புத்தகமும் வந்துச்சு. குடைஞ்ச வக்கீல் டர்ன்புல் பின்னால ஆஸ்திரேலியாவுக்கே பிரதமர் ஆயிட்டாரு.

சிரிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. ஜாலியன்வாலா பாக் துப்பாக்கிச்சூடு, 1919 ஏப்ரல் 13. வெள்ளைக்காரச் சர்க்கார் கணக்குப்படியே 379 உசுரு. நூறு வருசம் கழிச்சு, 2019ல, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே அவங்க நாடாளுமன்றத்துல ஆழ்ந்த வருத்தம் தெரிவிச்சாங்க. வருத்தம் வந்துச்சு. மன்னிப்பு வரல. பொட்டி நெறைய சொல்லு வச்சிருக்க பாஷைக்கு அந்த ஒண்ணு தொண்டைக்குழியிலயே நின்னுபோச்சு.

நம்ம ஆளுவளும் லேசுப்பட்டவங்க இல்ல. 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்'னு மைக்கைப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லுதான் பாரு. இருந்தாலாம்! புண்ணுல ரத்தம் சொட்டுது, இவனுக்கு இன்னும் சந்தேகம் தீரல.

சரி, காப்பி ஆறுது. குடிச்சிட்டுச் சொல்லு. முருங்கை லேசா ஒடியுத மரந்தான், நான் இல்லைங்கல. ஆனா நேத்து அந்தக் கொப்பு ஒடிஞ்சுதா, நீ ஒடிச்சியா?