கஸாட்டாவுக்கு உப்புப் போட்டவர்கள்

மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் ஐஸ் என்றால் முதலில் மீனுக்கு, மனுஷனுக்கு அப்புறம்தான். சங்கராவையும் வஞ்சிரத்தையும் ஐஸ் உடைத்துப் போட்டுப் பெட்டியில் அடுக்கும் ஊர் அது. அந்த ஊர் மாமா ஒருவரை, ஐஸ்கிரீம் சாப்பிடலாம் வாங்க என்று மருமகன் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினான். "நான் இன்னா மீனாடா, ஐஸ்ல வைக்க?" என்று கேட்டுக்கொண்டேதான் மாமா ஏறினார்.

பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஜெலாடெரியா மான்டெகாட்டினி டெர்மே என்றொரு கடை உண்டு. இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர் மான்டெகாட்டினி டெர்மே. வெந்நீர் ஊரின் பெயரில் ஐஸ்கிரீம் கடை! பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் கையில் இருக்கிற கோன் உருகிவிடும்.

விற்பது ஐஸ்கிரீம் அல்ல, ஜெலாட்டோ என்றான் மருமகன். வித்தியாசம் இதுதான். ஐஸ்கிரீமில் குறைந்தது பத்து சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஜெலாட்டோவில் கொழுப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். காற்றும் குறைவு. மெஷினில் காற்றடித்துச் செய்யும் சில ஐஸ்கிரீம்களில் பாதி அளவு வெறும் காற்றுதான்.

"பாதி காத்துக்கா இத்தினி வருஷமா காசு குடுத்தோம்?" மாமாவுக்கு நெஞ்சு அடைத்தது. கடற்கரையில் குடியிருப்பவரிடம் காற்றை விற்றால் கோபம் வராதா?

மருமகனுக்குக் கண்ணெல்லாம் திரமிசு ஜெலாட்டோ மேல். பாரம்பரிய இத்தாலியப் பலகாரம் என்று ஆரம்பித்தான். காபியில் நனைத்த பிஸ்கட், மஸ்கார்போனே என்கிற பாலாடைக்கட்டி, முட்டை மஞ்சள் கரு, மேலே கோகோ தூள். ட்ரெவிசோ நகரத்து லெ பெக்கெரியே உணவகத்தில் 1970களின் தொடக்கத்தில் பிறந்தது என்பது ஒரு கட்சி. இல்லவே இல்லை, எங்கள் ஊரில் அதற்கு முன்பே இருந்தது என்பது பக்கத்து ஃபிரியுலிக்காரர்களின் கட்சி. 2017-இல் இத்தாலிய அரசு திரமிசுவை ஃபிரியுலியின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்க்கப்போய் ட்ரெவிசோ பக்கம் கொதித்துப்போனது. அதே ஆண்டுதான் இங்கே ரசகுல்லா மேற்கு வங்கத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்து, ஒடிசாவின் வாயில் கசந்தது.

மாமா ஒரு கணக்குப் போட்டார். "எழுபதுல நான் வலை இழுத்துனு இருந்தேன். என்னைவிடச் சின்னதாடா உன் பாரம்பரியம்?"

பலகாரத்தை ஜெலாட்டோ ஆக்குவது, சட்டியில் கிடப்பதை ஃப்ரீசரில் தள்ளும் வேலை இல்லை. ரொட்டியில் இருக்கும் தண்ணீர் உறைந்தால் கல். சர்க்கரைப் பாகிலோ மதுவிலோ ஊறினால் அது எளிதில் உறையாது. திரமிசுவின் காபி பிஸ்கட் தப்பிப்பது அப்படித்தான். நம் சோமாசி மாதிரி பொரித்த கூட்டுக்குள் ரிக்கோட்டா அடைத்த சிசிலியின் கன்னோலியை ஜெலாட்டோ ஆக்கும்போது, உள்ளே இருந்த பூரணம் வெளியே வந்து ஜெலாட்டோவாகிவிடும், கூடு நொறுங்கி அதற்குள் போய்விடும். நம் பக்கம் பார்த்தால் பால்கோவாவுக்குக் கவலையே இல்லை. குல்ஃபி பாதி அதுதான். அதிரசம் வெல்லத்தின் தயவில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கொழுக்கட்டை மட்டும் வேண்டாம். குளிரில் அரிசி மாவு விறைத்துப்போகும், அப்புறம் பல் மருத்துவருக்குத்தான் லாபம்.

இனி மரக்காணத்துக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பனிக்கட்டியை மட்டும் வைத்துப் பாலை ஐஸ்கிரீம் ஆக்க முடியாது. அது பூஜ்யம் டிகிரியோடு நின்றுவிடும். உப்பைக் கலந்தால் மைனஸ் 21 வரை இறங்கும். 16ஆம் நூற்றாண்டிலேயே ஜாம்பத்தீஸ்தா தெல்லா போர்த்தா என்ற இத்தாலியர், பனியில் வெடியுப்பைக் கலந்து ஒயினை உறையவைக்கும் வித்தையை எழுதிவைத்தார். சிசிலிக்கு எட்னா மலையில் பனி, த்ராபானியில் உப்பளம், இரண்டுமே ஒரே தீவில். மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் கிடக்கிறது. குறை ஒரு பனிமலைதான். சின்ன ஐஸ் கம்பெனிகளில் குச்சி ஐஸ் அச்சு இறங்குவதும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில்தான். 1970-இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் ஆரம்பித்ததும் குச்சி ஐஸ் வியாபாரமே. அருண் ஐஸ்கிரீம் அதிலிருந்து வளர்ந்தது.

"அப்போ உறைய வெச்சதே நம்ம உப்புதான்னு சொல்லு" என்றார் மாமா. திரமிசுவைவிட இந்தச் சேதிதான் அவருக்கு இனித்தது.

மருமகனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இத்தாலியப் பலகாரத்தை ஐஸ்கிரீமாகச் சாப்பிட மாமா பாண்டிச்சேரி வரை வந்திருக்கவே வேண்டாம். கல்யாண வரவேற்புகளில் பல வருஷமாகச் சாப்பிட்டுத்தான் வருகிறார். பச்சை, வெள்ளை, ரோஸ் அடுக்கு, அடியில் கேக், மேலே முந்திரித் தூள் என்று அரைவட்டத் துண்டாக வரும் கஸாட்டா, சிசிலியின் ஈஸ்டர் பலகாரம். அங்கே அது ஐஸ்கிரீமே இல்லை. ஆட்டுப்பால் ரிக்கோட்டா, மதுவில் நனைத்த கேக், பச்சை நிற பாதாம் மேற்பூச்சு, சர்க்கரையில் ஊறிய பழங்கள் என்று திருவிழாத் தேர்போல வந்து நிற்கும். அதையே அடுக்கு ஐஸ்கிரீம் ஆக்கினார்கள். 1950-இலேயே அதைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது குஜராத்தின் வாடிலால் நிறுவனம்.

ஆகவே, வரவேற்புப் பந்தியில் ஐஸ்கிரீமை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு அடிக் கேக்கைத் தட்டில் ஒதுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிசிலியிலிருந்து மிச்சமாக வந்து சேர்ந்திருப்பது அந்தக் கேக் ஒன்றுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள்.