தலைமன்னார் ரசிகரியல்

விளையாட்டு ரசிகர்களை அவர்கள் போடும் சட்டையின் நிறத்தை வைத்துப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். மற்ற ஊர்களுக்கு அது போதும், தலைமன்னாருக்குப் போதாது. இங்கே நீலம் இந்தியா, இலங்கை இரண்டுக்கும் பொது. மஞ்சளோ சென்னையையும் குறிக்கும், பிறேசிலையும் குறிக்கும். ஆகவே இந்நூல் நிறத்தை விலக்கிக் காற்றைக் கொள்கிறது. மன்னார்த் தீவின் கடற்றொழிலுக்குக் காற்றே நாட்காட்டி. சோளகம் எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், தொழில் வடகரைக்குப் போகும். வாடை வந்தால் மறுபக்கம். வாடியையும் வலையையும் கரை மாற்றுபவனை இங்கே எவரும் துரோகி என்பதில்லை. மட்ச்சுக்கு மட்ச் அணி மாற்றுபவனை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற ஐயமே இந்நூல் எழுந்த காரணம்.

முதலாவது, வாடையர். வடக்கேயிருந்து வரும் காற்றின் பெயரைப் பெற்றவர்கள். இந்திய அணிக்கும், அதைவிட உரக்கச் சென்னை சுப்பர் கிங்ஸுக்கும் குரல் கொடுப்பவர்கள். வெளியூர் ஆய்வாளர் இவர்களைக் கண்டதுமே அரசியல் எழுதத் தொடங்குவார். அவசரப்படக் கூடாது. தனுஷ்கோடி இங்கிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது; கொழும்பு முந்நூறுக்கும் மேல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கிருந்தும், அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்தும் தலைமன்னார் பியர் இறங்குதுறைக்குக் கப்பல் வந்து போனது. 1990இல் போர் துரத்தியபோது தீவின் சனம் அதே கடலைப் படகில் தாண்டி மண்டபம் முகாமில் போய் இறங்கியது. அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், 2008இல் சென்னை அணி உருவானபோது மற்றத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விசிலடித்துவிட்டு, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியவனிடம் "நீ ஏன்டா தோனிக்கு?" என்றால் அவன் என்ன சொல்வான்? பிறப்புச் சான்றிதழைத்தான் காட்டுவான்.

இரண்டாவது, சோளகர். தென்திசைக் காற்று, இலங்கை அணி. இவர்களின் வேதம் 1996 மார்ச் 17, லாகூர்: அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்த நாள். அந்த உலகக் கிண்ணம் நாட்டுக்கு வந்தபோது தலைமன்னாருக்கு ரயில் இல்லை. 1990இல் நின்ற வண்டி 2015 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. வண்டி வராத ஊருக்கு வெற்றி மட்டும் வந்து சேர்ந்ததில் சிலர் துள்ளினார்கள், சிலர் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருந்தவர்களும் அரவிந்தவின் 107ஐ இன்றுவரை மறக்கவில்லை என்பதை உரையாசிரியர் கவனிக்க.

சோளகருக்குள் ஓர் உள்வகை, முரளியர். இவர்களுக்கு இலங்கை அணி என்பது முரளிதரன் பந்துவீசும் ஓவர்களின் தொகுப்பு. மற்ற ஓவர்கள் விளம்பர இடைவேளை. 2010 ஜூலை 22, காலியில் பிரக்யான் ஓஜா ஆட்டமிழந்து டெஸ்டில் 800 விக்கெட் நிறைந்தபோது இவர்கள் வேலை முடிந்தவர்களானார்கள். அடுத்த ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தோடு முரளி ஓய்வுபெற, வகையே அழிந்தது என்றார்கள். அழியவில்லை, அடுத்த ஆளுக்குக் காத்திருந்தது. 2024 மே 8, யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லில் முதன்முதல் பந்துவீசிய இரவில் வாடையரும் சோளகரும் முரளியரும் ஒரே திசையில் வீசினார்கள். நான்கு ஓவரில் விக்கெட் இல்லை. அதைப் பற்றி அடுத்த நாள் எவரும் வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

இவ்விரு பெருவகையும் ஒருவரையொருவர் தூயவர் அல்லர் என்று குற்றஞ்சாட்டுவது வழக்கம். தூய்மை எங்கே இருக்கிறது? 2011 ஏப்ரல் 2, வான்கடேயில் தோனி அடித்த கடைசி சிக்ஸர் நுவன் குலசேகரவின் பந்து. அதே குலசேகர தோனியின் சென்னை அணியிலும் இருந்தார். 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடத் தமிழ்நாடு அரசு இணங்காததால் சேப்பாக்கத்தில் அவர் வெளியே இருக்க நேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2023இல், அதே சேப்பாக்கம் கண்டிக்காரன் மதீஷ பத்திரணவின் யோர்க்கருக்கு எழும்பி நின்று ஆரவாரித்தது. அன்றைக்குத் தலைமன்னாரில் வாடையர் "எங்கட டீம்" என்றார்கள், சோளகர் "எங்கட பெடியன்" என்றார்கள். ஒரே விக்கெட்டுக்கு இரண்டு தரப்பும் கைதட்டியும் சண்டை ஓயவில்லை.

கச்சான் மேற்குக் காற்று. அது லண்டனிலும் பாரிஸிலும் உள்ள மச்சான்மாரிடமிருந்து நள்ளிரவில் வட்ஸ்அப்பாக வரும், ஐரோப்பியக் காற்பந்து பற்றியதாக இருக்கும். காற்பந்து மன்னாரின் சொந்த விளையாட்டு. பெருநாள் காலச் சுற்றுப்போட்டிகளில் காலை உடைத்துக்கொண்ட மூத்தவர்கள் இந்த வட்ஸ்அப்களைப் பொறுமையாகப் படிப்பார்கள், பதில் போட மாட்டார்கள். மன்னாரிலிருந்து தேசிய அணிவரை போன டக்சன் பியுஸ்லஸ் 2022 பிப்ரவரியில் மாலைதீவில் இறந்தபோது மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே செய்தி வந்தது. அதை எந்த வகையிலும் அடக்க இந்நூலுக்கு மனமில்லை.

கொண்டல் கிழக்குக் காற்று. நான்கு காற்றுக்கும் நான்கு வகை வேண்டுமே என்பதற்காக அவுஸ்திரேலிய ரசிகர் ஒருவரை இதில் சேர்த்திருக்கிறேன். அவர் வெல்லும் பக்கத்துக்காரர், அவ்வளவுதான்.

இனி ஒழுக்கவியல். ரசிகனின் உண்மை இயல்பு திரையைப் பார்க்கும்போது அல்ல, கைபேசியில் பெருவிரல் அசையும்போதுதான் தெரியும்.

முன்கூவி என்பவர் வீட்டில் டிஷ் வைத்திருப்பவர். கைபேசியில் பார்ப்பவர்களுக்குப் படம் பிந்தி வருமாகையால், பந்து இன்னும் வீசப்படாதவனின் காதில் இவர் போடும் சத்தம் விழும். தீர்க்கதரிசிகளுக்கு எந்த ஊரிலும் மரியாதை இல்லை. இங்கே கல்லும் கிடைக்கும். அழிப்பான் என்பவர் ஆட்டத்துக்கு முன் வட்ஸ்அப் குழுவில் ஆரூடம் எழுதிவிட்டு, பத்தாவது ஓவரில் அதை நீக்குபவர். அவருக்கு எதிரி ஏடு காப்பான்: அழிபடுமுன் படம் பிடித்து வைத்திருப்பவர், மூல பாடம் இதுதான் என்று மூன்று வருடம் கழித்தும் நிறுவுபவர். உ.வே.சாமிநாதையருக்கு இவ்வளவு வசதி இருக்கவில்லை.

அஞ்சலியார் வகை நம் நாட்டுக்கே உரியது. 2023 செப்டம்பர் 17, கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம்: மொஹமட் சிராஜ் 21 ஓட்டத்துக்கு ஆறு விக்கெட், இலங்கை 50க்குச் சுருண்டது. தேத்தண்ணி ஆறுமுன் மரண அறிவித்தல் வந்துவிட்டது, கறுப்புக் கரையோடு, பிறப்பு 1996, இறப்பு இன்று, தகவல் குடும்பத்தினர் என்ற ஒழுங்கில். எழுதியவர் வாடையராக இருந்திருந்தால் அது கேலி. அவர் பரம்பரைச் சோளகர். இவ்விடத்தில்தான் நூலின் மையச் சூத்திரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ரசிகன் எதிரணியைக் கிண்டல்தான் செய்வான், வசவு முழுவதையும் சொந்த அணிக்கென்று சேர்த்து வைத்திருப்பான்.

சான்று வேண்டுமா? 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன் அரையிறுதியில் இந்தியா 120க்கு எட்டு என்று விழுந்தபோது போத்தல் எறிந்ததும் இருக்கைகளைக் கொளுத்தியதும் இந்திய ரசிகர்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வழங்கப்பட்டது. 2014 ஏப்ரலில், மிர்பூர் இறுதியாட்டத்தில் 21 பந்துக்கு 11 ஓட்டம் எடுத்த யுவராஜ் சிங்கின் வீட்டுக்கு விழுந்த கல்லும் சண்டிகர்க் கல்தான், கொழும்புக் கல் அல்ல. அதன் பின் கல்லின் வேலையைக் கைபேசி ஏற்றது. 2021இல் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்ற இரவில் மொஹமட் ஷமியின் சமயத்தைப் பிடித்தார்கள். 2022இல் ஒரு பிடியைத் தவறவிட்ட அர்ஷ்தீப் சிங்கைப் பிரிவினைவாதி என்றார்கள். எறிபவன் எவ்வளவுக்கு எவ்வளவு மறைவாக இருக்கிறானோ அவ்வளவுக்கு அவன் தேசபக்தி கூடுகிறது. எங்கள் ஊர்க் குழுக்களில் வசவு இந்த அளவுக்குப் போகாததற்குக் காரணம் பண்பு என்று சொல்ல ஆசைதான். உண்மைக் காரணம், விடிந்தால் எல்லாருக்கும் அதே சந்தி, அதே தேத்தண்ணிக் கடை.

எஞ்சியிருப்பவர் சட்டத்தரணி. 2023 நவம்பர் 6, டெல்லி உலகக் கிண்ண ஆட்டத்தில் ஹெல்மெட் பட்டி அறுந்து நேரம் கடந்ததால் அஞ்சலோ மெத்யூஸ் ஆட்டமிழந்தபோது ஊரில் உருவான தொழில் இது. விதிநூலில் மூன்று நிமிடம், அந்த உலகக் கிண்ணத்தில் இரண்டு நிமிடம் என்ற வேறுபாட்டைப் பேசாலைப் பஸ்ஸுக்குள் ஒருவர் விளக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அவர் புகழின் உச்சி 2025 செப்டம்பர் 26, துபாய். ஆசியக் கிண்ண சுப்பர் நான்கு. இந்தியாவும் இலங்கையும் 202, பெத்தும் நிஸ்ஸங்க 107. சுப்பர் ஓவரில் தசுன் ஷானக பிடி கொடுத்தார் என நடுவர் விரலை உயர்த்த, அதே பந்தில் சஞ்சு சாம்சன் ஸ்டம்பையும் தகர்த்துவிட்டார். மறுபரிசீலனையில் பிடி இல்லையென்றானது; விரல் உயர்ந்த கணமே பந்து செத்துவிட்டதால் ரன் அவுட்டும் இல்லை. அடுத்த பந்திலேயே ஷானக உண்மையாகவே ஆட்டமிழந்தார், இந்தியா வென்றது. வீசியவர் அர்ஷ்தீப், மூன்று வருடத்துக்கு முந்திய அதே அர்ஷ்தீப். வாடையர் அவரை இப்போது சிங்கம் என்றார்கள். ஏடு காப்பான் 2022இன் படத்தை எடுத்துப் போட்டார். அழிப்பான்கள் குழுவை விட்டே விலகினார்கள். செத்த பந்து சாகுமா, முன்னரே செத்ததா என்று பியரில் இரவு ஒருமணிவரை வழக்கு நடந்தது. இந்தியா ஏற்கெனவே இறுதிக்குப் போய்விட்டது, இலங்கை ஏற்கெனவே வெளியேறிவிட்டது, இந்த ஆட்டத்தால் எதுவும் மாறாது என்று நடுவில் ஒருவர் நினைவூட்டப் பார்த்தார். அவரை எந்த வகையில் சேர்ப்பதென்று இன்னும் முடிவாகவில்லை.